தாத்தா போட்ட கோடு ஆய்விதழில் ஏறுமா?

வானொலி நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு செய்ய கோலா சாவா பக்கம் போயிருந்தேன். ஒரு தாத்தா குச்சியால் மண்ணில் கோடு போட்டார். “இது லயம், இது மாரியம்மன் கோயில், அந்தப் பக்கம் பால் கொட்டகை.” இன்று அங்கே செம்பனைதான் நிற்கிறது.

சென்னை பரங்கிமலை அருகே 1802இல் நிலம் அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், தம் முடிவுகளை 1818இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டார். அப்படி எழுதி வைத்ததால்தான் பிறர் அவற்றைச் சரிபார்க்க முடிந்தது.

நம் தோட்டத்தைப் பற்றியும் எழுதலாம். 1935இல் தொடங்கிய ‘இமாகோ முண்டி’ வரைபட வரலாற்றுக்கென்றே வரும் ஆய்விதழ். படம் மட்டும் போதாது, ஒரு கேள்வி வேண்டும்: நம்மவர்கள் வைத்த இடப்பெயர்கள் பழைய தோட்ட வரைபடங்களில் உண்டா, இல்லையென்றால் ஏன்?

யார் சொன்னார், எந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னார் என்று குறியுங்கள். பழைய வரைபடத்தை அச்சிட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். திருத்தச் சொன்னால் சோர வேண்டாம். அது நிராகரிப்பு அல்ல.

இந்த ஞாயிறு தாத்தா பாட்டியிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். கட்டுரையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.