கர்வாலி மரம்

மேனாட்டு மரங்களுள் உறுதியாற் சிறந்தவற்றுள் ஒன்று ஓக் என்னும் கர்வாலி. இதன் பட்டை தோல் பதனிட உதவும். வெண்கர்வாலியின் நுண்குழல்கள் இயல்பாகவே அடைபட்டிருத்தலின், அதனாற் செய்த பீப்பாயில் திராட்சமது கசியாது. முற்காலத்துப் போர்க்கப்பல்களும் இம்மரத்தாலாயினவே. அக்கப்பல்களுக்கு மரம் குன்றாதிருக்கும்பொருட்டு, பிரான்சு தேசத்து அமைச்சர் கோல்பேர் 1669ஆம் ஆண்டிற் காடுகளைக் காக்கச் சட்டம் வகுத்தார். கர்வாலி முதிர்ந்து பெருமரமாக ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலும் செல்லும்; பின்னர்க் கப்பல்களோ இரும்பாயின! எனினும் காத்தவர் உழைப்பு வீண்போகவில்லை. 2019இல் பாரிசு நகரத்து நோத்ருதாம் பேராலயத்தின் கூரை எரிந்தொழிந்தது. அதனைப் புதுப்பிக்கப் பிரெஞ்சுக் காடுகள் ஏறத்தாழ 2,000 கர்வாலிகளை அளித்தன; 2024இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பெற்றது. மரம் வளர்ப்போன், தான் காணாத தலைமுறைக்கு, தான் எண்ணாத பயனையும் விட்டுச்செல்கின்றான்.