துருக்கிக் கடலோரத்தில் ஊருக்கு ஒரு கிழமை சந்தை



'பஜார்' என்று நாம் சொல்கிறோமே, அது பாரசீகச் சொல். அதே சொல் துருக்கிக்கும் போயிருக்கிறது. அங்கே 'பஸார்' என்றால் சந்தை. ஞாயிற்றுக்கிழமைக்கும் அதுதான் பெயர். திங்கட்கிழமையை 'பஸார்தெசி' என்கிறார்கள், அதாவது பஸாருக்கு மறுநாள். கிழமைக்கே சந்தையின் பெயரை வைத்த ஜனங்கள் அதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்போம்.

துருக்கியின் மேற்கே ஏஜியன் கடல். ஆலிவ், அத்தி, திராட்சை, பருத்தி விளைகிற பூமி. அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் வானம் வறண்டு கிடக்கும். இந்தக் கரையிலும் அதை ஒட்டிய தென்மேற்கு மூலையிலும் ஊருக்கு ஒரு கிழமை சந்தை. திங்கள் என்றால் கோய்ஜெயிஸ், செவ்வாய் ஃபெத்தியே, வியாழன் முவ்லா, சனி தால்யான். வடக்கே இஸ்மீர் மாகாணத்தில் தீரெ என்ற ஊருக்கும் செவ்வாய்தான். அன்றைக்கு அந்த ஊரின் கடைத்தெருக்கள் சந்துபொந்து உட்பட சந்தையாகிவிடும்.

நீங்கள் அங்கே போனால் முதலில் விற்கிறவரைப் பாருங்கள், பிறகு சரக்கைப் பாருங்கள். விற்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் வியாபாரி. நம் கமிஷன் மண்டி போன்ற மொத்த மார்க்கெட்டில் சரக்கு எடுத்து, இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர் என்று கிழமைக்கேற்பச் சுற்றுகிறவர். அவர் மேஜையில் தக்காளி எல்லாம் ஒரே அளவில் அடுக்கியிருக்கும். இன்னொருவர், பெரும்பாலும் அம்மாமார்கள், தம் நிலத்தில் விளைந்ததைத் தாமே கொண்டு வந்தவர். நாலு கட்டுக் கீரை, ஒரு கூடை முட்டை, ஒரு ஜாடி ஆலிவ் ஊறுகாய், சீசன் இருந்தால் கொஞ்சம் எலுமிச்சை. அவ்வளவுதான் கடை. பெரியதும் சிறியதும் கலந்து கிடக்கும். நடுக்குளிர் காலத்தில் ஒருவர் தக்காளி குவித்து வைத்திருந்தால், அது அந்தலியா போன்ற பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளைந்து வந்த சரக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இந்த இரண்டாவது வகைக்காரருக்கு இடம் கிடைக்கிறதா என்பதுதான் சங்கதி. சந்தை என்றால் நல்ல இடத்தை யார் பிடிப்பார்கள் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? 2010-ல் துருக்கியில் காய்கனி வாணிபத்துக்கு ஒரு சட்டம் வந்தது. சந்தையில் உற்பத்தியாளருக்கென்று தனி இடம் ஒதுக்க அது வழி செய்தது. அங்கே உட்கார, தாம் விளைவிக்கிறவர்தான் என்று சான்று காட்ட வேண்டும். 1999-ல் மதுரையில் தொடங்கிய நம் உழவர் சந்தையில் அடையாள அட்டை கேட்கிறோமே, அதே கணக்கு. அட்டையை வியாபாரி வாங்கிக்கொண்டால் எல்லாம் பாழ் என்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சரி, அந்த அம்மாக்கள் விற்கிற கீரைக்கு வருவோம். விதைத்த கீரை பாதி, தானாய் முளைத்தது பாதி. மழைக்காலத்தில் ஆலிவ் தோப்பிலும் வரப்பிலும் முளைப்பதை அரிந்து வருகிறார்கள். துத்திக்கு உறவான ஒரு செடி, சோம்புச் செடியின் இளந்தழை, நம் செந்தட்டி மாதிரி பட்டால் அரிக்கிற ஒரு தழைகூட. வெந்தால் அரிப்புப் போய்விடும். கடலோர உப்புச் சேற்றில் விளையும் நம் உமரிக்கும் அங்கே பங்காளி உண்டு. அதன் பெயர் என்ன தெரியுமா? 'கடல் தட்டைப்பயறு'! வேகவைத்து, உள்ளிருக்கும் நாரை உருவி எறிந்துவிட்டு, பூண்டும் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுகிறார்கள். கோடையில் பருப்புக்கீரை வரும். நாம் பல வயல்களில் களை என்று கொத்தி எறிகிற அதே செடி. அங்கே தயிரில் போட்டுப் பச்சையாகத் தின்கிறார்கள். இதற்கெல்லாம் எந்த மண்டியில் விலை கிடைக்கும்? வாரச் சந்தை இருப்பதால்தான் ஒரு கூடைக் கீரையும் காசாகிறது.

வெண்டைக்காயை அங்கே விரற்கடை அளவிலேயே பறிக்கிறார்கள். சிறுசுக்குத்தான் மவுசு. மிஞ்சியதை நூலில் கோத்து உலர்த்தி மாலையாகத் தொங்கவிட்டு விற்பார்கள். கத்தரியையும் குடமிளகாயையும் குடைந்து இப்படியே உலர்த்துவது உண்டு. விற்காமல் போனது வீணாவதில்லை.

விவசாயியே வாங்கப் போகிற சந்தையும் ஒன்று இருக்கிறது. அய்தின் மாகாணம் உலர் அத்திக்குப் பேர்போனது. அங்கே 'சரிலோப்' என்ற ரகம் காய்த்து நிற்க வேண்டுமானால் ஆண் அத்தியின் மகரந்தம் வேண்டும். அதைச் சுமந்து வருவது குளவி இனத்து ஒரு பொடிப் பூச்சி. ஆண் மரம் எல்லாரிடமும் இருக்குமா? ஆகவே ஜூன் மாதத்தில் ஆண் அத்திக்காய்க்கென்றே சந்தை கூடுகிறது. வாங்கிப் போய்க் கோத்து மரத்தில் தொங்கவிட்டால், பூச்சி வெளிவந்து பெண் காய்க்குள் புகுந்துவிடும். 'அத்திப் பழத்தைப் பிட்டால் பூச்சி' என்று நாம் முகம் சுளிக்கிறோம். அவர்கள் பூச்சிக்காகவே காசு கொடுக்கிறார்கள். ஒன்று கவனிக்க வேண்டும். அழுகல் நோய் உள்ள காயை வாங்கினால், பூச்சியோடு நோயும் நல்ல காய்க்குள் போய்விடும். அதனால் ஒன்றிரண்டைப் பிளந்து பார்த்து வாங்குவதே புத்தி.

போகிறவர்கள் துணிப்பையும் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலிவும் பாலாடைக்கட்டியும் வாயில் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள், தயங்க வேண்டாம். துணிமணிக்குப் பேரம் பேசலாம், காய்கறிக்கு விலை எழுதி வைத்திருக்கும். காலையில் போனால் நல்ல கீரை. பொழுது சாயும் நேரத்தில் விலை இறங்கும். அதை 'மாலைச் சந்தை' என்றே சொல்கிறார்கள். ஆனால் கீரைக்கார அம்மாக்கள் பலர் அதற்குள் விற்றுவிட்டு ஊர்ப் பஸ் ஏறியிருப்பார்கள்.