ஒரே போர்ட், மூன்று பெயர்

திண்டிவனத்திலிருந்து எங்கள் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி செல்லும் ரோட்டை, பழைய லாரி டிரைவர்கள் இன்றும் "அறுபத்தாறு" என்றுதான் சொல்வார்கள். கிலோமீட்டர் கல்லில் 77 என்று இருக்கும். 2010ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மத்திய அரசு புது எண்கள் கொடுத்தபோது நடந்த மாற்றம் இது. எண் மாறியதால் ரோடு மாறிவிடவில்லை. ஆனால் 66 என்ற பழைய எண் சும்மா இருக்கவில்லை. பன்வேலில் தொடங்கி மேற்குக் கடற்கரை ஓரமாகக் கன்னியாகுமரி வரும் வேறொரு ரோட்டிற்குப் போய்விட்டது. பழைய நினைவில் புது மேப்பில் 66ஐத் தேடினால் கோவாவில் போய் நிற்பீர்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லக் காரணம் உண்டு. மதர்போர்டு பெட்டியில் அச்சிட்டிருக்கும் யு.எஸ்.பி. பெயர்களுக்கும் இதேதான் நடந்தது. ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

2000ல் வந்தது யு.எஸ்.பி. 2.0. விநாடிக்கு 480 மெகாபிட் வேகம். 2008 நவம்பரில் யு.எஸ்.பி. 3.0 வந்தது, வேகம் 5 ஜிகாபிட். இதுவரை குழப்பம் இல்லை. 2013ல் 10 ஜிகாபிட் வேகத்துடன் 3.1 வந்தபோதுதான் வினை தொடங்கியது. புது வரையறையைத் தயாரித்தவர்கள் பழைய 3.0ஐயும் அதற்குள் சேர்த்துக் கொண்டார்கள். 5 ஜிகாபிட் போர்ட் 3.1 ஜென் 1 ஆனது. உண்மையான புது போர்ட் 3.1 ஜென் 2 ஆனது. 2017ல் 3.2 வந்தது. மறுபடியும் எல்லாருக்கும் பெயர் மாற்றம். 5 ஜிகாபிட் இப்போது 3.2 ஜென் 1. பத்து ஜிகாபிட் 3.2 ஜென் 2. இருபது ஜிகாபிட் கிடைப்பது 3.2 ஜென் 2 பெருக்கல் 2. கணக்கு வாய்ப்பாடு மாதிரி இருக்கிறது அல்லவா?

ஆக, 2008ல் பிறந்த அதே 5 ஜிகாபிட் போர்ட் மூன்று பெயர்களில் விற்கப்பட்டது. வேகம் ஒரு துளியும் கூடவில்லை. இந்தப் பெயர்கள் இன்ஜினியர்களுக்கு மட்டும்தான், விளம்பரத்தில் "சூப்பர் ஸ்பீடு யு.எஸ்.பி. 5 ஜிகாபிட்" என்பது போல வேகத்தைச் சொல்லுங்கள் என்று அந்த அமைப்பு கம்பெனிகளிடம் கேட்டுக் கொண்டது. ஆனால் 3.0 என்பதைவிட 3.2 என்பது பெட்டியின் மேல் பெரிதாகத் தெரிகிறதே! எந்த விற்பனைக்காரர் அதை விடுவார்? 2022ல் அமைப்பு இன்னும் தெளிவாக, வெறும் வேக எண்ணை மட்டும் போடும்படி சொன்னது. சில கம்பெனிகள் மாறின. பல மாடல்களின் விவரத் தாளில் ஜென் 1, ஜென் 2 இன்னும் இருக்கின்றன.

"யு.எஸ்.பி. 3.2" என்று மட்டும் எழுதியிருந்து, பக்கத்தில் ஜென் எது என்றோ வேகம் எவ்வளவு என்றோ இல்லையா? அது 5 ஜிகாபிட் என்றே எடுத்துக் கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்த கேள்வி, நமக்கு எவ்வளவு வேகம் தேவை? பலர் இதைக் கேட்காமலேயே பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள். உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ 30 ஜிகாபைட் என்று வைத்துக் கொள்வோம். அதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்கிறீர்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் விநாடிக்கு 35 மெகாபைட் கிடைத்தால் ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும். அதே டிஸ்க்கை 5 ஜிகாபிட் போர்ட்டில் செருகினால் 4 நிமிடத்தில் முடியும். பத்து ஜிகாபிட் போர்ட்டில் செருகினால்? அப்போதும் அதே 4 நிமிடம்தான். ஏனென்றால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கால் விநாடிக்கு 120, 150 மெகாபைட்டுக்கு மேல் பெரும்பாலும் கொடுக்க முடியாது. 5 ஜிகாபிட் போர்ட்டிலோ 400க்குக் குறையாமல் இடம் இருக்கிறது. எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. வாங்குபவருக்கே 10 ஜிகாபிட் பயன்படும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ராம் கூடுதலாகப் போட்டுக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

போர்ட்டின் நிறத்தை நம்பலாமா? ஓரளவு. நீல நிறம் என்றால் 5 ஜிகாபிட் என்பது வழக்கமே தவிர கட்டாயம் இல்லை. சிவப்பும் பச்சை கலந்த நீலமும் அந்தந்தக் கம்பெனியின் விருப்பம். டைப்-சி என்ற பெயரோ இன்னும் ஏமாற்றும். அது துளையின் வடிவத்திற்கான பெயர், வேகத்திற்கானது அல்ல. 2023ல் வந்த ஐபோன் 15ல் இருப்பது டைப்-சி; ஓடுவது யு.எஸ்.பி. 2.0 வேகத்தில். அதே ஆண்டு வந்த 15 ப்ரோவில் அதே வடிவத் துளையில் 10 ஜிகாபிட். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023ல் டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டது. ஒரே சார்ஜரில் பல கருவிகளைச் சார்ஜ் செய்ய அது உதவும். வேகத்தை மட்டும் நாம்தான் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இனி எம்.2 பற்றி. யு.எஸ்.பி.யில் ஏமாந்தால் வேகம்தான் குறையும். இங்கே வாங்கிய பொருளே வேலை செய்யாது.

செஞ்சியில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து வருகிறேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தன் சி.பி.யூ.வைப் பைக்கில் கட்டிக் கொண்டு வந்தார். ஆன்லைனில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டியிருக்கிறார். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் போட்டாகிவிட்டது. பயாஸில் மட்டும் தெரியவே இல்லை. "போர்டுலயும் எம்.2ன்னு இருக்கு, கார்டுலயும் எம்.2ன்னு இருக்கு, அப்புறம் ஏங்கண்ணா?" என்றார். நியாயமான கேள்வி. எம்.2 என்பதும் வடிவத்தின் பெயர்தான். அந்தத் துளைக்குள் சாட்டா முறையிலும் பேசலாம், என்.வி.எம்.இ. முறையிலும் பேசலாம். அவருடைய போர்டின் ஸ்லாட்டுக்கு என்.வி.எம்.இ. மட்டுமே தெரியும், அவர் வாங்கியதோ சாட்டா. போர்டும் பழுதில்லை, கார்டும் பழுதில்லை. அதனால்தான் விற்ற கடை திரும்ப எடுக்க மறுத்துவிட்டது. கடைசியில் யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் அந்தக் கார்டைப் போட்டுக் கொடுத்தேன்; எக்ஸ்டர்னல் டிரைவாக ஓடுகிறது. தங்கையின் டியூஷன் பீஸுக்கு வைத்திருந்த பணத்தில் வாங்கியது என்று அப்புறம்தான் சொன்னார்.

வாங்கும் முன் கார்டின் தங்க நிற விளிம்பைப் பாருங்கள். சாட்டா வகையில் பொதுவாக இரண்டு வெட்டுகள் இருக்கும். இன்று விற்கும் என்.வி.எம்.இ. வகைகளில் பெரும்பாலும் ஒரே வெட்டு. சில என்.வி.எம்.இ. கார்டுகளிலும் இரண்டு வெட்டு உண்டு என்பதால் பெட்டியில் எழுதியிருப்பதையும் படியுங்கள். வேக வித்தியாசம் சாதாரணமானது அல்ல. சாட்டாவில் விநாடிக்கு 550 மெகாபைட் அளவோடு நின்றுவிடும்; மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் ஓடும் நல்ல என்.வி.எம்.இ. 3,500 வரை போகும். கார்டில் 2280 என்று இருந்தால் அது வேகம் அல்ல. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். இன்னொன்று, பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் சாதாரண சாட்டா போர்ட் ஒன்றிரண்டு நின்றுவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் பயப்பட வேண்டாம், கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் போர்டு தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டெல் 1151 என்ற சாக்கெட் பெயர் இரண்டு தலைமுறைகளுக்கும் உண்டு. 2017 அக்டோபரில் வந்த இசட்370 போர்டில் அதற்கு முந்தைய ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசசர்கள் ஓடாது. பின்களின் எண்ணிக்கை ஒன்று, பெயர் ஒன்று. ஆனால் இணைப்பு வேறு. எங்கள் கோட்டையில் ராஜகிரிக்கு எதிரே இருக்கும் மலைக்கும் கிருஷ்ணகிரி என்று பெயர், நான் முதலில் சொன்ன ரோட்டின் முடிவில் இருக்கும் ஊருக்கும் கிருஷ்ணகிரி என்று பெயர். பஸ்ஸில் ஏறும்போது எது என்று தெரிந்திருக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் புதியது என்பதும் சரியல்ல. பி360க்குப் பிறகு 2018 டிசம்பரில் வந்த பி365 சிப்செட் பழைய 22 நானோமீட்டர் முறையில் தயாரானது. பி360ல் இருந்த 10 ஜிகாபிட் யு.எஸ்.பி. வசதி அதில் இல்லை.

இவை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மாடல் பெயரை முழுதாகக் குறித்துக் கொண்டு, கம்பெனியின் இணையதளத்திலிருந்து அந்த போர்டின் மேனுவலை இறக்கிக் கொள்ளுங்கள். காசு கிடையாது. பின்பக்கப் போர்ட்களின் படமும், எம்.2 ஸ்லாட் எந்த முறைகளில் ஓடும் என்பதும் அதில் இருக்கும். கேபினெட்டின் முன்பக்கம் நீல யு.எஸ்.பி. இருந்தால் போர்டில் 19 பின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 9 பின் மட்டும் இருந்தால் அது 2.0, முன்பக்க நீலப் போர்ட் ஒயர் தொங்கியபடியே கிடக்கும்.

பில் போடும்போது மாடலின் கடைசி எழுத்துகளையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். பி760 போன்ற சில போர்டுகள் ஒரே பெயரில் டி.டி.ஆர். 4க்கு ஒன்று, டி.டி.ஆர். 5க்கு ஒன்று என்று இரண்டு விதமாக வந்தன. பெயரின் வாலில் வரும் டி4 என்ற இரண்டு எழுத்து மட்டுமே பல மாடல்களில் வித்தியாசம். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ராம் வாங்குங்கள்.