தொப்பை கரைய மெதுநடையா, மூச்சு வாங்கும் ஓட்டமா?

விடிகாலையில் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதைக்குப் போனால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒரு கூட்டம் நாலைந்து பேராகச் சேர்ந்து, வீட்டு விசேஷம் முதல் தேங்காய் விலை வரை பேசிக்கொண்டே நடக்கும். இன்னொரு கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு வியர்வை சொட்ட ஓடும். நடப்பவர்களைக் கேட்டால், "மெதுவா நடந்தாத்தானுங்க கொழுப்புக் கரையும், வேகமாப் போனா சர்க்கரைதான் எரியும்" என்பார்கள். ஓடுபவர்களோ, இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடினால் அன்று பூராவும் உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கொழுப்பு எரியும் என்பார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை மட்டும் நம்பி வருடக்கணக்கில் நடந்தும் இடுப்பளவு குறையாமல் மனம் நொந்தவர்கள் உண்டு. ஒரே மாதத்தில் முட்டியைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு நின்றுவிட்டவர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எரிபொருள் கணக்கு

சும்மா இருக்கும்போதும் மெதுவாக நடக்கும்போதும் நம் தசைகள் பெரும்பாலும் கொழுப்பைத்தான் எரிக்கின்றன. வேகம் கூடக் கூட, சட்டென்று கைக்குக் கிடைக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜனுக்கு அவை மாறுகின்றன. பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை மூன்று வேகங்களில் மிதிக்கவைத்து அளந்த ஆய்வு ஒன்று 1993-ல் வெளிவந்தது. உச்சத் திறனில் 25 சதவீத வேகத்தில் அவர்கள் உடல் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பையே எரித்தது. 65 சதவீதத்தில் கொழுப்பின் பங்கு குறைந்தது. ஆனால் மொத்தச் செலவு கூடியதால் எரிந்த கொழுப்பின் அளவு அதிகமானது. 85 சதவீதத்தில் அந்த அளவும் இறங்கிவிட்டது. டிரெட்மில் திரையில் 'கொழுப்பு எரியும் வேகம்' என்று காட்டும் பட்டை இதுபோன்ற அளவீடுகளை அடிப்படையாக வைத்துத்தான் வந்தது.

அந்தப் பட்டை சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. உடற்பயிற்சி செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில் எது எரிந்தது என்பதை வைத்து உடம்பு இளைப்பதில்லை. காலையில் ஓடிச் சர்க்கரையைக் காலி செய்தவருடைய உடல், மீதி நேரத்தில் கொழுப்பைக் கூடுதலாக எரித்து அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். ஒரு நாள், ஒரு வாரம் என்று சேர்த்துப் பார்க்கும்போது எவ்வளவு செலவானது, எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் நிற்கும்.

70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் அவருக்குச் சுமார் 245 கலோரி செலவாகும். இதில் 70 கலோரி அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். அவரே மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் சுமார் 290 கலோரி. பாதி நேரத்தில் கூடுதல் செலவு. ஆனால் நடந்தாலும் ஓடினாலும், திரும்பும் வழியில் பேக்கரியில் நின்று ஒரு பப்ஸும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் சாப்பிட்டால் 300 கலோரியைத் தாண்டிவிடும். நம் ஊரில் நடைக்கும் பேக்கரிக்கும் இருக்கும் நெருக்கத்தைப் பார்க்கும்போது, பலருடைய இடுப்பு குறையாததற்கு நடையின் வேகத்தைவிட அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓடியபின் எரிவது எவ்வளவு?

கடும் பயிற்சிக்குப் பிறகு உடல் சிறிது நேரம் கூடுதலாக ஆக்சிஜன் இழுக்கும், கூடுதலாக எரிக்கும் என்பது மெய். அது பெரும்பாலும் பயிற்சியில் செலவானதில் 6 முதல் 15 சதவீதம்தான். மேலே சொன்ன 290 கலோரி ஓட்டத்துக்கு, தாராளமாகக் கணக்கிட்டாலும் 45 கலோரிக்குள் அடங்கிவிடும். அது ஒரு சின்ன வாழைப்பழத்தில் பாதி.

ஜிம்களில் 'தபாட்டா' என்று ஒரு பயிற்சி பிரபலம்: 20 விநாடி முழு மூச்சில், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை. ஜப்பானியர் இசுமி தபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996-ல் இதைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அளந்தது மூச்சுத் திறனை. அந்தத் திறன் நன்றாகவே கூடியது. கொழுப்புக் குறைப்பு அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. நான்கு நிமிடத்தில் தொப்பை கரையும் என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய விளம்பரம்.

கொழுப்பைப் பற்றியே நேராகக் கேட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை 2017-ல் வந்தது. அதிக எடையுள்ள பெரியவர்களிடம், இடைவெளி விட்டுச் செய்யும் கடும் பயிற்சியும் சீரான மிதமான பயிற்சியும் உடல் கொழுப்பையும் இடுப்பளவையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைத்திருந்தன. கடும் பயிற்சிக்குப் பிடித்த நேரம் மட்டும் சுமார் 40 சதவீதம் குறைவு. ஆகவே இந்த வழக்கில் தோற்றவர் யாரும் இல்லை. நேரம் இல்லாதவருக்கு ஒரு வழி, மூட்டும் இதயமும் இன்னும் பழகாதவருக்கு ஒரு வழி.

நம் உடம்பின் தனிச் சிக்கல்

கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். சட்டை போட்டால் தெரியாது, பேன்ட் வாங்கும்போது தெரியும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004-ல் 'லான்செட்' இதழில், தன்னையும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இதைக் காட்டினார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான். உடலில் இருந்த கொழுப்போ யாஜ்னிக்குக்கு இரண்டு மடங்குக்கும் மேல். குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் இந்தக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழிவிடுகிறது.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோடு இருந்தார்கள். கொங்கு மண்ணில் உடம்பு உழைத்த விதம் இரண்டு தலைமுறைக்குள் மாறிவிட்டது. தாத்தா மாடு பூட்டிக் கவலை இறைத்த தோட்டத்தில் பேரன் செல்போனிலேயே மோட்டார் போடுகிறார். திருப்பூரில் பவர் தையல் மிஷினில் உட்காரும் பெண்ணுக்கு விரலும் கண்ணும் ஓயாமல் ஓடுகின்றன, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளிலும் அதே உட்கார்வுதான், நாற்காலி மட்டும் விலை கூடியது.

இவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. உடற்பயிற்சிக்கு முதலில் மசிந்து கொடுப்பது இந்த உள்வயிற்றுக் கொழுப்புதான். எடைக் கருவியில் முள் அசையாதபோதுகூட அது குறையும். அதனால் கருவியைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தையல் இஞ்ச் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளவைப் படியுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். நமக்கு எல்லை அவ்வளவுதான். மாதம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் அளந்தால் போதும்.

வெள்ளியங்கிரியில் நடப்பது

கடும் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது வெள்ளியங்கிரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை மலையேற அனுமதிக்கிறது. பூண்டியில் தொடங்கி ஏழு மலைகள். ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். முதல் மலையே செங்குத்தான கல்படிகள். ஆண்டு முழுக்க நாற்காலியில் இருந்தவர்கள், நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று ஒரு மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு, ராத்திரித் தூக்கத்தை விட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்குகிறார்கள். 2024 பருவத்தில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். இதய நோய், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அதிகாரிகள் அறிவுறுத்தும் நிலை வந்தது.

இதற்குப் பின்னால் இருக்கும் மருத்துவம் தெளிவானது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,228 பேரிடம் விசாரித்து 1993-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். வாரம் ஒரு முறைகூடக் கடுமையாக உழைக்காதவர் திடீரென்று கடுமையாக உழைத்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட 107 மடங்கு கூடியது. வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைத்துப் பழகியவருக்கு அதே உழைப்பில் 2.4 மடங்குதான். மலை ஒன்றுதான், ஏறுகிற உடம்புதான் வேறு. மாசியில் வெள்ளியங்கிரி ஏற ஆசைப்படுபவர் ஐப்பசியிலேயே நடக்கத் தொடங்கட்டும். கார்த்திகையில் மருதமலைப் படிகளை நிறுத்தி நிறுத்தி ஏறிப் பார்க்கட்டும். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே இருபது வயதுக்காரருக்குச் சமமாகக் குதிக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் இதே பேச்சுதான்.

என் யோசனை

தொடக்கத்தில் ஆறு முதல் எட்டு வாரம் நடை மட்டும். ஆனால் நடை நடையாக இருக்க வேண்டும். வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை, வாய் போதும். பாட்டுப் பாட முடிகிறது என்றால் அது உலாவல். பேச முடியும், பாட முடியாது என்றால் மிதமான வேகம், இதுதான் வேண்டும். எதிரே வருகிறவர் "சாப்டாச்சுங்களா" என்று கேட்கும்போது "ஆச்சுங்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை என்றால் அது கடும் வேகம். ரேஸ் கோர்ஸில் நான் பார்க்கும் பெரும்பாலான நடை முதல் வகை. கூட்டாகப் போவது மனதுக்கு நல்லது, விட்டுவிடாமல் வரவும் வைக்கும். பேச்சைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த கட்டத்துக்கு எனக்குப் பிடித்த வழி ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே குழுவினர் நடுவயதினரையும் முதியவர்களையும் வைத்துச் சோதித்தது. மூன்று நிமிடம் வேகநடை, மூன்று நிமிடம் மெதுநடை, இப்படி ஐந்து முறை. வாரத்தில் நான்கு நாள். ஐந்து மாதத்தில் தொடையின் பலமும் மூச்சுத் திறனும் கூடின, ரத்த அழுத்தம் இறங்கியது. சீராக நடந்தவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. முட்டியை அடிக்காமல், காசு கேட்காமல் கடும் பயிற்சியின் லாபத்தில் ஒரு பங்கைத் தரும் வழி இது. உக்கடம் பெரியகுளக் கரையிலும் செய்யலாம், தோட்டத்து வரப்போரப் பாதையிலும் செய்யலாம். இதற்கு மேல் ஓட விரும்புகிறவர்கள் வாரத்தில் இரண்டு நாள் ஓடட்டும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு.

வெளியே போக முடியாத பெண்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் வளரிளம் பெண்களுக்காக 'தாண்டவ்' என்ற பெயரில் பத்து நிமிடக் கடும் நடனப் பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பிடித்த பாட்டுக்குப் பத்து நிமிடம் மூச்சு வாங்க ஆடுவதும் முறையான உடற்பயிற்சிதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. கூடவே இரண்டு நாள் தசைகளுக்கு வலுப்பயிற்சி. இந்தக் கடைசி வரியை நம்மவர்கள் கண்டுகொள்வதே இல்லை. எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் இருக்க அது வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. அதில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய இருப்பதால் பசி தாங்கும், அதனால் உதவும். அரிசிம்பருப்புச் சோற்றை விட வேண்டியதில்லை. இரண்டாம் முறை தட்டில் போடுவதை விட்டு, பொரியலைக் கூட்டினால் போதும்.

தொடங்கும் முன்

நாற்பது தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள், வீட்டில் சின்ன வயதில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், கடும் பயிற்சிக்குப் போகும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடைக்கு அவ்வளவு தயக்கம் வேண்டாம். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நடக்கும் முகாமில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாய் இல்லாமல் நடக்கக் கிளம்பக் கூடாது. படபடப்பும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு சரியாக ஏறாது; கைக்கடிகாரத்தின் எண்ணை நம்பாமல் பேச்சுச் சோதனையையே நம்பலாம். நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நில்லுங்கள். வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.