ஈறு நோயைக் கணக்கிடும் முறை

முதுமையில் பல் விழுவது இயற்கையே என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. ஆயினும் வயது வந்தோர் பற்களை இழப்பதற்கு ஈறு நோய் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். தொடக்கத்தில் இந்நோய் வலி தருவதில்லை. பல் துலக்கும்போது சிறிது இரத்தம் கசியும். பின்னர் ஈறு பல்லை விட்டு விலகி, இடையே பை போன்ற பள்ளம் உண்டாகும். பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். பல் ஆடத் தொடங்கிய பிறகே பலரும் வைத்தியரை நாடுகின்றனர். ஆதலால் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி, ஒரு நாட்டில் இந்நோய் எவ்வளவு பரவியுள்ளது என்று கூற இயலாது. வராதவர்களையும் அவர்கள் வாழும் இடத்திற்கே சென்று பரிசோதித்தாக வேண்டும்.

அவ்வாறு பரிசோதிக்கும்போது, எந்த நிலையை நோய் என்று எண்ணுவது என்னும் வினா எழுகிறது. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ரஸ்ஸல் என்பார் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். ஈறு நலமாக இருந்தால் 0. பல்லின் ஒரு பகுதியில் மட்டும் அழற்சி இருந்தால் 1. சுற்றிலும் இருந்தால் 2. பை உண்டாகியிருந்தால் 6. மெல்ல இயலாதபடி பல் தளர்ந்திருந்தால் 8 என ஒவ்வொரு பல்லுக்கும் மதிப்பெண் இடப்பட்டது. இம்முறை பெரும்பாலும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதாகும்.

1982-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையுடன் வேறொரு முறை வகுக்கப்பட்டது. இதற்கென அமைந்த சலாகையின் முனையில் 0.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு குண்டு உண்டு, முனையிலிருந்து 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை கறுப்புப் பட்டை தீட்டப்பட்டிருக்கும். வாய் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் காணப்படும் மிக மோசமான நிலை மட்டும் குறிக்கப்படும். நலமான ஈறு 0, இரத்தக் கசிவு 1, பற்காரை 2, ஆழம் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள பை 3, ஆழம் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பை 4 என்பன அதன் குறியீடுகள். சலாகையை 20 கிராம் எடைக்கு மேல் அழுத்தலாகாது. அதன் முனையைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் வைத்து, வலியின்றி அவ்விடம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பார்த்துக் கைப்பழக்கம் பெறலாம்.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-2003-இல் தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஈறு நோயுற்றோர் 15 வயதினரில் 67.7 சதவிகிதம், 35 முதல் 44 வயது வரையுள்ளோரில் 89.6 சதவிகிதம், 65 முதல் 74 வயது வரையுள்ளோரில் 79.9 சதவிகிதம் என்று அதில் கண்டறியப்பட்டது. முதுமையில் நோய் குறைகிறது என்று இதனைப் பொருள் கொள்வது பிழையாகும். ஒரு பகுதியில் குறைந்தது இரண்டு பற்களேனும் எஞ்சியிருந்தால்தான் அப்பகுதி கணக்கில் சேரும் என்பது மேற்கூறிய முறையின் விதி. நோயினால் விழுந்த பல்லுக்கு ஈறு நோய்க் குறியீடு கிடையாது. அன்றியும் ஈறு கீழிறங்கிவிட்டால், எலும்பு கரைந்திருந்தும் பை ஆழமற்றதாகவே தோன்றும். இக்காரணம் பற்றியே 1997-இல் வெளியான உலக சுகாதார ஸ்தாபனத்தின் கையேட்டில், பல்லுடன் ஈறு கொண்டுள்ள பிணைப்பு எவ்வளவு இழக்கப்பட்டுள்ளது என்பதையும் தனியே அளக்கும் முறை சேர்க்கப்பட்டது.

எத்தனை இடங்களைப் பார்க்கிறோம் என்பதும் விடையை மாற்றிவிடும். அமெரிக்க நாட்டின் முந்தைய கணக்கெடுப்புகளில் பாதி வாய் மட்டுமே பரிசோதிக்கப்பட்டது. 2009-2010-இல் ஞானப்பற்கள் நீங்கலாக எல்லாப் பற்களிலும், பல்லுக்கு ஆறு இடங்கள் வீதம் அளந்து பார்த்தனர். 30 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 47.2 சதவிகிதத்தினருக்கு, எலும்பையும் தாக்கும் முற்றிய ஈறு நோய் இருப்பது தெரிந்தது. முந்தைய முறை நோயுற்றோர் பலரைத் தவறவிட்டது என்பதும் வெளியாயிற்று. இந்த 47.2 சதவிகிதத்தையும் இந்தியாவின் 89.6 சதவிகிதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் பொருந்தாது. இரண்டிலும் நோய் என்று கொள்ளப்பட்டது ஒன்றல்ல. 2013-ஆம் ஆண்டுக் கையேடு பற்காரையை இக்குறியீட்டிலிருந்து நீக்கி, எல்லாப் பற்களையும் பார்க்குமாறு கூறுகிறது. ஆகவே பழைய முறையில் எடுத்த கணக்கும் புதிய முறையில் எடுத்த கணக்கும் நேரடி ஒப்பீட்டுக்கு உரியவையல்ல.

இத்தகைய பணியில் கள ஊழியரின் பங்கு சிறிதன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட வீட்டில் ஒருவர் இல்லையெனில், எளிதில் கிடைக்கும் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளலாகாது. மீண்டும் சென்று உரியவரையே காண வேண்டும். வேலைக்குச் சென்றவர்களை விட்டுவிட்டு வீட்டிலிருப்போரை மட்டும் எண்ணினால் கணக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும். புகைபிடிப்போருக்கு நோய் இருந்தும் இரத்தக் கசிவு குறைவாகவே காணப்படலாம். எனவே புகைப் பழக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் நலம். பரிசோதிப்போர் பலராயின், ஒரே நபரை அனைவரும் தனித்தனியே பார்த்து, முடிவுகள் ஒத்துவருகின்றனவா என்று முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களும் இதற்குத் துணை செய்ய இயலும். ஈற்றில் இரத்தம் கசிவது நோயின் அறிகுறி என்பதையும், இந்த நிலையிலேயே நாள்தோறும் பற்களைச் செவ்வனே துலக்கி வந்தால் ஈறு பெரும்பாலும் பழைய நலத்தை அடையும் என்பதையும் மாணவர் வாயிலாகப் பெற்றோருக்கு எட்டச் செய்யலாம். கரைந்த எலும்போ தானாக மீண்டும் வளர்வதில்லை. எத்தனை பேர் முதல் நிலையில் உள்ளனர், எத்தனை பேர் அதனைக் கடந்துவிட்டனர் என்பதைப் பிரித்துக் காட்டும் கணக்கே, எந்த ஊருக்குப் போதனை போதும், எந்த ஊருக்குப் பல் வைத்தியர் வேண்டும் என்பதை முடிவு செய்ய உதவும்.