குகைக்குள் நுழையுமுன்

குகை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பத்துமலைதான். கா. தம்புசாமி பிள்ளை அவர்கள் 1891ஆம் ஆண்டில் அங்கு முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்ததும், 1892 முதல் தைப்பூசம் நடந்து வருவதும் வாசகர்கள் அறிந்தவையே. ஆனால் 272 படிகள் ஏறி உச்சியை அடைந்ததும், தலைக்கு மேலே தெரியும் அந்தப் பெரும் கூரை எவ்வாறு உண்டாயிற்று என்று எண்ணிப் பார்ப்போர் மிகக் குறைவு.

பத்துமலை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த கல் அது. குகைகள் அதற்கு வெகுகாலம் பிந்தியவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, மிக இலேசான அமிலமாகிக் கல்லின் வெடிப்புகளில் இறங்குகிறது. கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வெடிப்பு சந்தாகி, சந்து கூடமாகிறது. அதே நீர் குகையின் கூரையில் துளியாகத் தொங்கும்போது வாயு வெளியேறிவிடும். சுண்ணாம்பு மட்டும் தங்கும். இப்படித்தான் மேலே ஆலம்விழுதுபோல் தொங்கும் படிவுகளும், துளி விழுமிடத்தில் கீழிருந்து எழும் படிவுகளும் உருவாகின்றன. வளர்ச்சி இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக நூறு ஆண்டுகளுக்கு ஒரு செண்டிமீட்டர் என்ற அளவில்தான் இருக்கும். ஒரு முழ நீள விழுதைக் கண்டால், அதன் வயதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இங்கே நம் சமூகத்தாருக்கென்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தரையிலிருந்து எழும் படிவு சில இடங்களில் சிவலிங்கம் போலவே காட்சி தரும். பார்த்தவுடன் கை நீளும். திருநீறு, குங்குமம் பூசத் தோன்றும். சிலர் கற்பூரமும் ஏற்றுவர். பக்தியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளங்கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நீர் முறையாகப் படிவதில்லை. நிறம் மங்கி, வளர்ச்சியும் தடைபடுகிறது. நூற்றுக்கணக்கானோர் தொட்டால் கேட்கவே வேண்டாம். வழிபாட்டுக்கென்று அமைந்த குகையில் தீபாராதனை நடப்பது வேறு. சுற்றுலாவாகச் செல்லும் குகையில், எட்ட நின்று கைகூப்பினாலும் வணக்கம் வணக்கம்தானே!

தொடாமல் நின்று மூச்சு விடுவதும்கூடச் சில குகைகளைப் பாதிக்கும். பிரான்ஸ் நாட்டின் லாஸ்கோ குகையில் பல்லாயிரம் ஆண்டுப் பழைமையான ஓவியங்கள் 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948 முதல் மக்களுக்குக் காட்டப்பட்டன. திரண்டு வந்த கூட்டத்தின் மூச்சுக் காற்றாலும் மின்விளக்கு வெளிச்சத்தாலும் சுவர்களில் பாசி படர, 1963இல் அதை மூடிவிட்டார்கள். பிறகு பயணிகளுக்காக மாதிரிக் குகையொன்று கட்டப்பட்டது. பத்துமலையிலேயே, படிக்கட்டின் மேற்பகுதியில் இடப்புறம் இருக்கும் இருட்டுக் குகையும் 2019இல் மூடப்பட்டது. அக்குகையில் வாழும் ஒருவகைக் கதவுச் சிலந்தி, உலகின் மிகப் பழைமையான சிலந்தி இனங்களைச் சேர்ந்தது.

வௌவாலைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் டுரியானை நினைத்துக்கொள்ள வேண்டும். டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவில் தேன் சுரக்கும். குகைகளில் தங்கும் தேனுண்ணி வௌவால்கள் பல மைல் பறந்து சென்று அதில் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. பத்துமலையில் தங்குவதும் இந்த இனமே. குகையில் கூச்சலிட்டும் வெளிச்சம் பாய்ச்சியும் அவற்றை விரட்டினால், பழம் குறைவது நமக்குத்தான்.

குடும்பத்தோடு குகை பார்க்க விரும்புவோர்க்குப் பேராக்கில் கோப்பெங் அருகே குவா தெம்புருங் உண்டு. தெம்புருங் என்றால் மலாய் மொழியில் சிரட்டை. கூடங்களின் கூரை சிரட்டையைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். அடியில் ஆறு ஓடுகிறது. பழைய ஈயச் சுரங்க வேலையின் சுவடுகளும் உண்டு. மழைக்காலத்தில் ஆறு சட்டென்று பெருகக்கூடும். ஆகவே திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. வழுக்காத காலணி, ஆளுக்கொரு டார்ச் விளக்கு, குடிநீர் ஆகியவை அவசியம். முழங்கால் வலியுள்ளோர் முதல் கூடத்தோடு நின்றுவிடலாம். அதுவே கண்கொள்ளாக் காட்சி. வௌவால் எச்சத்தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசமின்றி உள்ளே போகாதிருப்பதே உத்தமம்.

வசதியுள்ளோர் சரவாக்கின் மூலு வரை செல்லலாம். 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்குள்ள மான் குகைக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் பலகைப் பாதையில் நடக்க வேண்டும். மாலை ஐந்து மணிவாக்கில் வாயிலுக்கு எதிரேயுள்ள திடலில் அமர்ந்திருங்கள். மழையில்லாத நாளாக இருந்தால், இலட்சக்கணக்கான வௌவால்கள் கரும்புகைபோல் சுருண்டு சுருண்டு வெளியேறிக் காட்டின் மேல் பறந்து மறையும். குடையும் கொசு மருந்தும் கையோடு இருக்கட்டும். திரும்பி நடக்கையில் இருட்டிவிடும்.