ஹஸ்கி நாயின் எடை: கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்!

சைபீரியாவில் சுக்சி இன மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய் ஹஸ்கி. இன்று மும்பை, பெங்களூரு அடுக்குமாடி வீடுகளிலும் அதைக் காணலாம்.

வளர்ந்த ஆண் நாய் 20 முதல் 27 கிலோவும், பெண் நாய் 16 முதல் 23 கிலோவும் இருக்கலாம். ஆனால் இரண்டடுக்கு ரோமம் கொழுப்பையும் மெலிவையும் மறைத்துவிடும். எனவே விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்புகள் எளிதில் கைக்குத் தட்டுப்பட்டால் நலம். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் பருமன். துருத்தி நின்றால் மெலிவு.

ஹஸ்கிக்குக் குறைந்த தீனியே போதும். தட்டில் மிச்சம் வைக்கிறதே என்று நெய்ச்சோறு ஊட்ட வேண்டாம். பருத்த நாய் நம் ஊர் வெயிலைத் தாங்காது, மூட்டும் கெடும்.

தீனியை அளந்து வையுங்கள். மாதந்தோறும் நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழியுங்கள். திடீரென மெலிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.